வாளிக் கூட்டமும் ரெங்கசாமி கங்காணியின் தொண்டையும்

ரெங்கசாமி கங்காணி தும்மினால் பசறையில் கடைக்காரர்கள் வெளியே தொங்குகிற சாமானை எல்லாம் உள்ளே எடுத்துவைப்பார்கள், இடி இடிக்கிறது, மழை வரப்போகிறது என்று. நான் பொய் சொல்கிறவன் இல்லை. கொஞ்சம் கூட்டிச் சொல்வேன், அவ்வளவுதான். லுணுகலைக்கு மேலே எங்கள் மேமலை டிவிஷனில் அவருக்குப் பக்கத்துக் காம்பிராவில் குடியிருக்கிறேன். நடுவில் ஒரே ஒரு சுவர். அவர் மனைவி காதில் ரகசியம் சொன்னால் எனக்கு மட்டும் இல்லை, லயத்தின் கடைசிக் காம்பிராவில் இருக்கிற காது மந்தமான கிழவருக்கும் விஷயம் தெரிந்துவிடும்.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்போடு அவர் படிப்பு நின்றது. நின்றது என்றால் அவர் நிறுத்தவில்லை, வாத்தியார்தான் கையெடுத்துக் கும்பிட்டார். இவர் மெதுவாக வாசித்தாலே பக்கத்து மூன்று வகுப்பும் சேர்ந்து வாசிக்கும். பிறகு மருந்தடித்தார், தேயிலையைக் கவ்வாத்து வெட்டினார், தண்ணீர் ஓடக் கான் வெட்டினார். அந்தத் தொண்டையை ஒருநாள் துரை பங்களாவில் இருந்து கேட்டார். பங்களா எதிர்மலையில் இருக்கிறது. அடுத்த நாளே ரெங்கசாமி கொழுந்து மலைக்குக் கங்காணி ஆனார்.

பின்னேரம் கொழுந்து நிறுக்கிற நேரம் வந்ததும் அவர் மலை உச்சியில் ஒரு பாறை மேல் ஏறி நிற்பார். ஒரு கையைக் காதில் வைப்பார். "நெறுவேய்ய்ய்!" என்று ஒரே ஒரு கூப்பாடு. நிறுவைக்கு வாங்க என்பதுதான் அது. டிராக்டர் ஒருதரம்தான் வரும். பிந்தினவள் கொழுந்துப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு ஃபேக்டரி வரைக்கும் ஏற வேண்டும், அந்த ஏற்றத்தில் ஆடே மூச்சு வாங்கும். அதனால் எங்கள் பொம்பிளைகளுக்கு அந்தச் சத்தம் காதில் விழுந்தால் மூளைக்குப் போகாது. நேரே காலுக்குத்தான் போகும். கிள்ளப்போன கொழுந்து பாதியில் நிற்கும், சொல்லவந்த வம்பு பாதியில் நிற்கும், கால் மட்டும் நடக்கும். எங்கள் லயத்துக் கிழவி பெரியாயி பென்சன் வாங்கி வீட்டில் இருக்கிறாள். இன்னும் பின்னேரத்தில் அந்தச் சத்தம் கேட்டால் அடுப்படியில் இருந்து எழும்பி வாசல் வரைக்கும் வந்துவிட்டுத்தான், "அட சனியனே" என்று திரும்பிப் போவாள்.

இப்படிப்பட்ட மனுசனுக்கு ஒரே மகள், நிவேதிகா. பதுளையில் புடவைக் கடையில் வேலை. அவள் பேசினால் பக்கத்தில் இருக்கிறவள், "என்னடி?" என்று ரெண்டு தரம் கேட்பாள். மகளுக்கு வரவேண்டிய சத்தத்தையும் சேர்த்து அப்பன் அள்ளிக்கொண்டு பிறந்துவிட்டான் என்பாள் பெரியாயி.

அந்த நிவேதிகாவைப் பெண் பார்க்கத் தெமோதரையில் இருந்து வருகிறோம் என்றார்கள். பையன் ரமேஸ், நல்ல பையன். கடைக்குத் துணி வாங்க வந்து வந்தே அவளைப் பார்த்துப் பிடித்துப்போனவன். ஒரு வருசத்தில் அவன் வாங்கின துணிக்கு ரயிலுக்கே சட்டை தைத்துப் போடலாம். அவளுக்கும் அவனைப் பிடித்திருந்தது. முதல் தரம் வரும்போது மண் சரிந்து ரோட்டு மூடிவிட்டது. ரெண்டாவது தரம் ஒரு சாவு. மூன்றாவதாக ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் குறித்தார்கள். பையனின் அப்பா அழகர் போனில் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"கங்காணியாரே, இதுதான் கடைசி. இதுவும் தட்டுச்சுன்னா சாமிக்கே இஷ்டம் இல்லன்னு விட்டுருவேன். நாலாந்தரம் வண்டி எடுக்க மாட்டேன்."

கங்காணிக்குப் பக்கத்தில் நிவேதிகா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.  அப்பனைப் பார்த்தாள், அவ்வளவுதான். அந்தப் பார்வைக்கு இந்த மனுசன் ராத்திரிச் சோறு தின்னவில்லை.

அதே ஞாயிற்றுக்கிழமைதான் பதுளையில் வாளிக் கட்சியின் பெரிய கூட்டம்.

வாளிக் கட்சி, ஜன்னல் கட்சி என்று நானே பேர் வைத்திருக்கிறேன். உண்மைப் பேரை எழுதமாட்டேன், எனக்கும் லுணுகலைக்குக் கடைக்குப் போய்வர வேண்டியிருக்கிறது. அதற்கு முதல் வாரம் ஜன்னல் கட்சி ஒரு கூட்டம் போட்டுப் படத்தைப் பேஸ்புக்கில் விட்டிருந்தது. அன்றிலிருந்து ஊவா மாகாணத்தில் யாரும் வேறு எதையும் பேசவில்லை. பாண் வாங்கப் போனால் அதுதான். முடி வெட்டப் போனாலும் அதுதான், ஒரு காதுக்கு மேலே வெட்டிவிட்டு மறு காதை மறந்துவிட்டு அனுப்பினார்கள்.

"பின்னால பாரு, கதிரை எல்லாம் காலி."

"அது கதிரை இல்லடா, வெள்ளத் தொப்பி."

"தொப்பிக்கு நாலு காலு இருக்குமா?"

"இது பழைய படம். பின்னால அந்த மரம் நிக்குது பாரு. அந்த மரம் போன காத்துலயே விழுந்துருச்சு."

ஐயாயிரம் என்றான் ஒருவன். ஐம்பதாயிரம் என்றான் இன்னொருவன். பதுளையில் இருக்கிற மொத்தச் சனமே அவ்வளவு இல்லையே என்று கேட்டதற்கு, "வெலிமடையில இருந்தும் வந்தாங்க" என்றான். லீக்ஸும் கரட்டும் நட்டுக்கொண்டிருக்கிற சனம் முழுதும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தது போல.

வாளிக் கட்சிக்கு இங்கே அமைப்பாளர் இன்பாஸ். அவருக்குப் பிடித்த கேள்வி ஒன்று இருக்கிறது. ரெங்கசாமியின் மனைவி விஜயலெட்சுமிக்கு முன்னே ஒருதரம் வயிற்றுவலி வந்து துடித்தபோது, கொட்டுகிற மழையில் இன்பாஸின் வேன்தான் அவளைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அதற்குப் பிறகு இன்பாஸ் எதையும் நேரே கேட்பதில்லை. சிரமதானத்துக்கு ஆள் வேண்டுமா, கொடி கட்ட வேண்டுமா, வாசலில் வந்து நிற்பார்.

"கங்காணி, தங்கச்சிக்கு வயிறு இப்ப எப்படி?"

அவ்வளவுதான். கங்காணி சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வருவார்.

இந்தத் தரமும் வந்து நின்றார்.

"தங்கச்சிக்கு வயிறு..."

"நல்லா இருக்குங்க. ஆனா ஞாயித்துக்கெழம மட்டும் என்னைய விட்டுருங்க தலைவரே. பொண்ணு பாக்க வர்றாங்க."

"எப்ப வர்றாங்க?"

"பின்னேரம்."

"நம்ம கூட்டம் காலையிலங்க! மத்தியானச் சோத்துக்கு நீங்க வீட்டுல. ஒங்க தொண்டை மட்டும்தான் எனக்கு வேணும். மேடைக்கு முன்னால நின்னு நாலு தரம் 'வாழ்க' சொல்லுங்க. அந்த ஜன்னல்காரனுங்களுக்குத் தெமோதரை வரைக்கும் காது அடைக்கணும்."

தெமோதரை என்றதும் கங்காணி ஒரு அடி பின்னால் நகர்ந்தார். ஏனென்றால் அழகர் சாதாரண ஜன்னல்காரர் இல்லை. அவர் வீட்டில் உண்மையான ஜன்னல் ஒன்றுதான். சுவரில் பெயின்டால் வரைந்த ஜன்னல் பதினொன்று. வெளியூர்க்காரன் ஒருவன் தண்ணீர் கேட்டு, வரைந்த ஜன்னலைத் தட்டித் தட்டிக் கை வீங்கிப் போனான் என்று கதை. வாளிக்காரன் வீட்டில் அழகர் தண்ணீரும் குடிக்கமாட்டார், சம்பந்தமா வைப்பார்?

அந்த வருத்தத்தைக் கங்காணி விஜயலெட்சுமியிடம் சொன்னார். அவள் வயிற்றைத் தடவிக்கொண்டே சொன்னாள். "என்னாங்க செய்யிறது, போயிட்டு வந்துருங்க. ஆனா ஒண்ணு. இங்க வண்டி வந்து நிக்கிறப்ப நீங்க வாசல்ல நிக்கணும். இல்லாட்டி அந்தப் புள்ள மொகத்துல நான் முழிக்க முடியாது."

ஞாயிறு காலை ஹபீஸின் பஸ்ஸில் ஏறினோம். ஐம்பது பேர் ஏறுகிற பஸ்ஸில் ஐந்நூறு பேர் இருந்தோம் என்றால் நம்பமாட்டீர்கள், நம்ப வேண்டாம். பெரியாயி என் மடியில் இருந்தாள், அது மட்டும் உண்மை. எல்லோர் தலையிலும் ஆளுக்கொரு நீலத்தொப்பி, தொப்பியில் ஒரு வாளிப் படம்.

பதுளையில் மைதானத்துக்குள் நுழைந்ததுதான் தெரியும். பின்னாலேயே மூங்கில் கட்டை ஒன்றைக் குறுக்கே கட்டிவிட்டு, கையில் சிவப்புப் பட்டி கட்டின பொடியன்கள் நின்றார்கள். மைதானத்தின் ஒரு பக்கம் சரிவு. அந்தச் சரிவு முழுக்க ஊவாவின் தோட்டத்துப் பொம்பிளைகள், நிரை நிரையாக. கங்காணியை மேடைக்குப் பக்கத்தில் ஒரு மரப்பெட்டி மேல் ஏற்றிவிட்டார் இன்பாஸ்.

மத்தியானம் ஆனது. கட்சித் தலைவர் வரவில்லை. வெலிமடையில் சாப்பிடுகிறார் என்றார்கள். வெயில் உச்சிக்கு வந்து, உச்சியில் இருந்து இறங்கியது. தலைவர் இன்னும் சாப்பிடுகிறார் என்றார்கள். "என்னத்தத் திங்கிறாரு, வெலிமட உருளக்கெழங்கு முழுசையுமா?" என்றாள் பெரியாயி.

கங்காணி பெட்டியில் இருந்து இறங்கி மூங்கில் கட்டைக்குப் போனார்.

"தம்பி, அவசரமா வெளிய போகணும்."

"ட்ரோன் வந்து படம் எடுக்கிற வரைக்கும் யாரையும் விடக்கூடாதுன்னு உத்தரவுங்க."

"ஒண்ணுக்குப் போகணும்பா."

"வாங்க, நானும் கூட வர்றேன்."

கூடவே போனான். கூடவே நின்றான். கூடவே திரும்பக் கொண்டுவந்து விட்டான். பொண்ணு மாப்பிள்ளையைக் கூட அப்படிப் பக்குவமாக யாரும் கூட்டிவந்ததில்லை. அடுத்ததாக வேலி இடுக்கு வழியாக ஹபீஸைக் கூப்பிட்டார். ஹபீஸ் வேலிக்கு அந்தப் பக்கம் வெற்றிலை போட்டுக்கொண்டு நின்றான்.

"ஹபீஸு, பஸ்ஸ எடு. நான் எப்படியாவது தாண்டி வந்துர்றேன்."

"கங்காணி அண்ணே, எனக்கு முன்னால நாப்பது பஸ், பின்னால நாப்பது பஸ். பஸ்ஸுக்கு ரெக்க மொளச்சாத்தான் இனிப் பயணம். நான் நேத்தே பொண்டாட்டிகிட்ட ராத்திரிக்கு வரமாட்டேன்னு சொல்லிட்டுத்தான் வந்தேன்."

அப்போதுதான் போன் அடித்தது. அழகர்.

கங்காணி பெட்டிக்குப் பின்னால் குனிந்தார். தொப்பியைக் கழற்றி வாய்க்கு முன்னால் பிடித்தார். அவருக்குத் தெரிந்த அளவு ரகசியமாகப் பேசினார்.

"சொல்லுங்க... நான் வீட்டுலதாங்க இருக்கேன்!"

மேடையில் ஒலிவாங்கியில் பேசிக்கொண்டிருந்தவர் பேச்சை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். முன் நிரை முழுக்கச் சிரித்தது.

"கங்காணியாரே, நாங்க பதுளையில மாட்டிக்கிட்டோம்" என்றார் அழகர். "இந்த வாளிக்காரனுங்க கூட்டமாம், ரோட்டு முழுக்க அடச்சு வச்சிருக்கானுங்க. வேன் ஒரு அடி நகரல. ஆனா ஒண்ணு சொல்றேன், இது அத்தனையும் பஸ்ஸுதான். உள்ள ஆளே இல்ல. முந்நூறு பேரு இருந்தா என் மீசைய எடுத்துர்றேன்."

"ஆமாங்க, ஆமாங்க."

"என்னாங்க, ஒங்க வீட்டுலயும் இதே மேடைப் பேச்சு கேக்குது?"

"அது... ரேடியோவுல போடுறாங்க."

"சரி. ஆனா ஒங்க சத்தம் போன்லயும் கேக்குது, என் இடது காதுலயும் கேக்குதே?"

கங்காணி போனைக் கட் பண்ணினார். அந்த மனுசன் முகம் வேர்த்த வேர்வையில் ஒரு வாளி நிரம்பியிருக்கும். பெரியாயி பக்கத்தில் போய், "என்னா கங்காணி, யாரு?" என்று கேட்டாள்.

"சம்பந்தி."

"எங்க இருக்காரு?"

"மேல. ரோட்டுல."

மைதானத்துக்கு மேலே ரோட்டு ஒன்று போகிறது. அந்த ரோட்டில் வண்டிகள் பல்லிடுக்கில் சிக்கின மாதிரி நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. நாங்கள் பார்க்கப் பார்க்க ஒரு வெள்ளை வேனில் இருந்து வெள்ளை வேட்டி ஒன்று இறங்கியது. ரோட்டோரச் சுவரில் ஏறி நின்றது. கையில் போனை உயர்த்திப் பிடித்தது. அழகர் பேஸ்புக்கில் நேரடியாகப் படம் விடத் தொடங்கிவிட்டார், கூட்டம் இல்லை என்று உலகத்துக்குக் காட்ட.

கங்காணி தொப்பியால் முகத்தை மூடினார். பெட்டிக்குப் பின்னால் ஒளிந்தார். ஒளிந்த இடத்தில் இன்பாஸ் நின்றார்.

"இங்க என்னாங்க செய்யிறீங்க? ஏறுங்க, ஏறுங்க! ஐயா கேட்டுக்கு வந்துட்டாரு. ட்ரோன் இப்ப ஏறப்போகுது!" இன்பாஸ் அவரைப் பெட்டி மேல் ஏற்றி, கையில் ஒலிவாங்கியைத் திணித்தார். இந்தத் தொண்டைக்கு ஒலிவாங்கி! எரிகிற வீட்டுக்குப் பெட்ரோல் போல. "இங்க பாருங்க. நான் சனத்தப் பாத்து 'எத்தன பேரு?'ன்னு கேப்பேன். நீங்க 'ஒரு லச்சம்!'னு சொல்லணும். மூணு தரம். ஒங்க பின்னால சனம் சொல்லும். அந்த வீடியோவ நான் இண்டைக்கே விட்டுருவேன்."

"தலைவரே, வேற யாரையாவது..."

"தங்கச்சிக்கு வயிறு இப்ப எப்படி?"

அந்த நேரம் பார்த்து போன் மறுபடி அடித்தது. எடுக்காமல் விட்டாலும் சந்தேகம், எடுத்தாலும் வினை. எடுத்தார்.

"கங்காணியாரே" என்றார் அழகர். குரல் மாறியிருந்தது. "கொஞ்சம் மேல பாருங்க."

பார்த்தார். சுவரில் வெள்ளை வேட்டி கையை ஆட்டியது. பக்கத்தில் மாப்பிள்ளைப் பையன் ரமேஸ், தலையில் கை வைத்துக்கொண்டு நின்றான்.

"வீட்டுல இருக்கேன்னு சொல்லிட்டு இங்க வந்து நிக்கிறீங்க. தலையில வாளி வேற. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். ஒரே ஒரு கேள்விதான். என் போன்ல இப்ப நாலாயிரம் பேரு பாத்துக்கிட்டு இருக்கான். நீங்க உள்ள நிக்கிற ஆளு, ஒங்களுக்குத் தெரியும். எத்தன பேரு இருக்கான்னு ஒங்க வாயால சொல்லுங்க. உண்மையச் சொன்னீங்கன்னா வேன் லுணுகலைக்கு வரும். அவனுங்க சொல்ற பொய்யச் சொன்னீங்கன்னா இப்பிடியே திரும்பிரும்."

கீழே இன்பாஸ் கையை வாய்க்குப் பக்கத்தில் குவித்துக்கொண்டு சனத்தைப் பார்த்துக் கத்தினார். "எத்தன பேரு?"

மைதானம் முழுதும் கங்காணியின் வாயைப் பார்த்தது. லட்சம் என்றால் மகள் வாழ்க்கை போச்சு. முந்நூறு என்றால் அந்த மைதானத்தில் இருந்து அவர் நடந்து வெளியே வரமுடியாது, இனி ஒரு தரம் விஜயலெட்சுமிக்கு வயிறு வலித்தால் வண்டியும் கிடையாது. ஒரு கையில் ஒலிவாங்கி, ஒரு கையில் போன். முன்னால் மூங்கில் கட்டை, பின்னால் மேடை, மேலே சம்பந்தி, காலடியில் இன்பாஸ். எலிப்பொறிக்குள் எலிக்காவது தின்ன ஒரு தேங்காய்ச் சில்லு வைப்பார்கள். இவருக்கு அதுவும் இல்லை.

வாயைத் திறந்தார். வெயில் மலைக்கு அந்தப் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது. கண்ணுக்கு முன்னால் சரிவு. சரிவில் நிரை நிரையாகப் பொம்பிளைகள். உயரமான இடத்தில் இவர். போன் பிடித்த கை தானாகக் காதுக்குப் போனது. அத்தனை வருசமாக அந்த வெயிலுக்கு, அந்தச் சரிவுக்கு, அந்த வாய் ஒரே ஒரு வார்த்தையைத்தான் சொல்லியிருக்கிறது. அதையே சொன்னது.

"நெறுவேய்ய்ய்ய்ய்!"

ஒலிவாங்கி வழியாக.

நான் உண்மை சொல்கிறேன், மரத்தில் இருந்த காக்கை கூட எழும்பிப் பறந்தது. சரிவு முழுதும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றது. பாட்டும் இல்லை, கூச்சலும் இல்லை. சேலையை உதறிச் செருகினார்கள், முதுகில் இல்லாத பையை ஒரு தூக்குத் தூக்கிச் சரிசெய்தார்கள், வரிசையாக நடக்கத் தொடங்கினார்கள். முதல் ஆள் பெரியாயி. மூங்கில் கட்டையில் நின்ற பொடியன் கையை விரித்தான்.

"எங்கம்மா போறீங்க?"

"நெறுவைக்கு" என்றாள் பெரியாயி. கட்டையைத் தூக்கிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தாள்.

அந்த நேரம்தான் கட்சித் தலைவரின் ஜீப் உள்ளே வந்தது. தன்னை வரவேற்கத்தான் இத்தனை சனம் எழும்பி வருகிறது என்று அவர் ரெண்டு கையையும் ஆட்டினார். பொம்பிளைகளும் மரியாதைக்குக் கையை ஆட்டினார்கள், நிற்கவில்லை. பஸ்ஸடிக்குப் போய்த்தான் ஒவ்வொருத்தியாக முதுகைத் தடவிப் பார்த்து, "எங்கடி என் பை?" என்று கேட்டார்கள். பிறகு சிரிப்பு. ஆனால் எழும்பினது எழும்பியாச்சு, இனி யார் திரும்பிப் போவது? பசி வேறு. ட்ரோன் ஏறினபோது மைதானத்தில் கதிரைகளும் இன்பாஸும்தான் மிச்சம்.

"கங்காணி, என்னாங்க செஞ்சீங்க?" இன்பாஸுக்கு அழுகை வந்துவிட்டது.

"வாய் தானாச் சொல்லிருச்சு தலைவரே. சத்தியமா."

மேலே சுவரில் அழகர் குதித்துக்கொண்டிருந்தார், போனைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். "பாருங்க, பாருங்க! ஒத்த வார்த்தையில மைதானத்தக் காலி பண்ணிட்டாரு! உள்ள புகுந்து செஞ்சிட்டாரு! யாருன்னு கேக்குறீங்களா? எங்க சம்பந்திங்க! எங்க சம்பந்தி!"

அந்த நாள் வரைக்கும் 'கங்காணியாரே' என்றுதான் சொன்னார். 'சம்பந்தி' அன்றைக்குத்தான் முதல் தரம்.

கங்காணி மாப்பிள்ளை வீட்டு வேனிலேயே லுணுகலைக்குப் போனார். அழகர் அவரைத் தோளில் கை போட்டு உட்காரவைத்திருந்தார். "எப்பிடி சம்பந்தி இந்த யோசன வந்துச்சு? தொப்பியெல்லாம் போட்டு அவனுங்கள்ல ஒருத்தன் மாதிரி!" கங்காணி வாயைத் திறந்தார். யோசனையும் இல்லை ஒன்றும் இல்லை என்று சொல்லப்போனார். சொன்னால் அடுத்த கேள்வி என்ன என்று தெரியும்: அப்ப தொப்பி போட்டு அங்க எதுக்கு நின்னீங்க? வாயை மூடினார். தொப்பியை உட்கார்ந்த இடத்துக்குக் கீழே தள்ளி அதன் மேலேயே உட்கார்ந்தார். பதுளையில் இருந்து மேமலை வரைக்கும் வாளி மேல் உட்கார்ந்து பயணம்.

பேசி முடித்தார்கள். நாளும் குறித்தார்கள். நிவேதிகா தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, ஏதோ சொன்னாள். "என்னம்மா?" என்றார் அழகர். அவள் மறுபடி சொன்னாள். யாருக்கும் கேட்கவில்லை. ரமேஸுக்கு மட்டும் கேட்டது போல, அவன் சிரித்தான்.

ஆனால் மறுநாளில் இருந்து மாகாணம் தூங்கவில்லை. சனம் வெறுத்து எழும்பிப் போனது என்றது ஒரு பக்கம். தலைவரைப் பார்க்க ஆசையில் எழும்பி ஓடியது என்றது மறு பக்கம். ரெண்டு பேருக்கும் அதே வீடியோதான். ஒருவன் முந்நூறு என்றான், ஒருவன் லட்சத்துக்கு மேலே என்றான். "நடந்து போற கூட்டமும் கூட்டம்தானே, நிக்கிற ஆள மட்டும்தான் எண்ணணும்னு சட்டமா?" என்று முடிவெட்டுகிற கடையில் ஒரு சண்டை, பாதிச் சவரத்தோடு ஒருவர் எழும்பி வெளியே போனார். டவுனில் இருந்து ஒரு செய்திக்காரர் வந்து பெரியாயியைப் பிடித்தார்.

"அம்மா, நீங்க வெளிய போனது எதிர்ப்பா, ஆதரவா?"

"எதுப்பும் இல்ல, ஆதரவும் இல்ல தம்பி. நெறுவச் சத்தம் கேட்டுச்சு. பையத் தேடுனேன், காணல."

அதை அவர் போடவில்லை.

அந்த வாரமே ஒரு காலை, வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் இன்பாஸ் நின்றார். கட்சித் தலைவரின் கோபத்தை ஒருமாதிரி சமாளித்துவிட்டாராம்.

"பரவால்ல கங்காணி, விடுங்க. தங்கச்சிக்கு வயிறு எப்படி? வர்ற ஞாயித்துக்கெழம இன்னொரு கூட்டம் வைக்கிறோம். போன சனத்த நீங்களே கூப்புட்டு உள்ள கொண்டுவந்துருங்க."

பத்து நிமிசத்தில் போன்.

"சம்பந்தி, வர்ற ஞாயித்துக்கெழம நம்ம கூட்டம். நீங்க கூப்புட்டா சனம் வெளிய போகுதுன்னா, கூப்புட்டா உள்ளயும் வரும்ல? மேடையில ஒங்களுக்குத் தனிக் கதிர போட்டாச்சு."

ஒரே தொண்டை. ஒரே ஞாயிற்றுக்கிழமை. இன்பாஸிடம் போனால் சம்பந்தம் உடையும், அழகரிடம் போனால் இங்கே தோட்டத்தில் வாழமுடியாது. அன்று பின்னேரம் கங்காணி கழுத்தில் ஒரு கம்பளி மப்ளரைச் சுற்றிக்கொண்டு மலைக்கு வந்தார். கேட்டவர்களுக்குத் தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தார். சத்தம் போய்விட்டதாம்.

அப்படி ஒரு பொய்யை உங்களால் ஒருநாள் தாங்கமுடியுமா? அவர் மகள் கல்யாணம் வரைக்கும் தாங்கினார். அந்தத் தேர்தல் முடிந்ததும் அடுத்த தேர்தல் வந்தது, மப்ளர் இறங்கவில்லை. நிறுவைக்கு விசில் வாங்கி ஊதினார். பொம்பிளைகள் நிமிர்ந்தே பார்க்கவில்லை, ஏதோ குருவி என்று நினைத்தார்கள். டிராக்டர் காத்து நின்றது, கணக்கப்பிள்ளை ஏசினார். வீட்டிலும் பேச முடியாது. நடுவில் ஒரு சுவர்தானே, நான் வேறு இருக்கிறேன், என் வாயை நம்பமுடியுமா? விஜயலெட்சுமியிடம் உப்பு வேண்டும் என்று கையால் காட்டினார், அவள் சுண்ணாம்பு கொண்டுவந்தாள். பல நாள் ராத்திரி அவர் சுவருக்கு அந்தப் பக்கம் தலையணையை வாயில் அமுக்கிக்கொண்டு இருமுகிறது எனக்குக் கேட்கும். என் பக்கத்துத் தட்டு லேசாக ஆடும்.

கல்யாணம் லுணுகலைக் கோவிலில் நடந்தது. இன்பாஸ் முன்வரிசையில் வலது பக்கம், அழகர் இடது பக்கம். ரெண்டு பேரும் அடிக்கொருதரம் கங்காணியின் கழுத்தைத்தான் பார்த்தார்கள். தாலி கட்டும்போது அந்த மனுசன் ஒரு வார்த்தை ஆசீர்வாதம் சொல்லவில்லை, மப்ளருக்குள்ளேயே அழுதார். பந்திக்குச் சனத்தைக் கூப்பிடவும் முடியவில்லை. நான்தான் கூப்பிட்டேன், யாரும் வரவில்லை.

பின்னேரம் வேன் புறப்பட்டது. கங்காணி கோவில் படியில் நின்றார். நிவேதிகா ஜன்னலோரம் உட்கார்ந்து அப்பாவையே பார்த்தாள். அப்பா ஏதாவது சொல்வார் என்று நினைத்தாள் போல. அவர் கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். வேன் இறங்கித் திரும்பி, அடுத்த மலையின் வளைவுக்குப் போய்விட்டது. சின்னதாகத் தெரிந்தது.

அங்கே இருந்து வந்தது ஒரு சத்தம்.

"அப்பாவ்வ்வ்! போயிட்டு வர்றேன்! நீங்க மொதல்ல போய்ச் சாப்புடுங்கப்பாவ்வ்!"

கோவில் மணி தானாக ஒரு தரம் அடித்தது. மேமலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்களாம். பெரியாயி படியில் இருந்து பாதி எழும்பிவிட்டாள்.

எனக்குப் பக்கத்தில் நின்ற இன்பாஸின் வாய் மெதுவாகத் திறந்தது. வளைவில் வேன் நின்றது. கதவு திறந்து வெள்ளை வேட்டி இறங்குவது இங்கிருந்தே தெரிந்தது. அழகர் ஜன்னல் பக்கம் வந்து மருமகளை மேலும் கீழும் பார்த்தார்.

ரெங்கசாமி கங்காணி மப்ளரைக் கழற்றினார். ரெண்டு கையிலும் வைத்துக்கொண்டு, மகளுக்கு யாரிடம் கொடுத்தனுப்பலாம் என்று சுற்றிலும் தேடினார்.